முத்துக்கரையும் காப்பீட்டுப் பத்திரமும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு பொருள் கப்பலேறுவதற்கு முன்னரே அதற்குரிய தாள்கள் எழுதி முடிக்கப்பெறுகின்றன. அனுப்புவோர் யார், பெறுவோர் யார், எடை எவ்வளவு, ஏற்றிச் செல்லும் கப்பல் எது, வழியில் பொருள் கெட்டால் ஈடு தருவோர் யார் என்பனவெல்லாம் எழுத்தில் அமையாமல் ஒரு பொதியும் கரையைவிட்டு நகர்வதில்லை. 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரை ஏற்ற அத்துறைமுகத்தில் வணிகர் எவரும் தம் சரக்கின் காப்பீட்டுத் தாளைத் தொலைப்பதில்லை. ஆயின், அச்சரக்கைச் சுமந்து ஏற்றும் தொழிலாளியின் வீட்டிலோ, அவ்வூர்க் கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் தொழிலாளியின் வீட்டிலோ ஒருவர் நோயுற்று மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், "காப்பீடு இருக்கிறதா?" என்ற வினாவுக்கு உடனே விடை கிடைப்பது அரிது. இருக்கிறது என்பர், எங்கே இருக்கிறது என்று தெரியாது. தாள் கிடைத்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. மூட்டைக்கு உள்ள தெளிவு மனிதனுக்கு இல்லாமற்போவது வியப்புக்குரியது.

இடருக்கு முன்னரே பொருள் கொடுத்துக் காவல் பெறும் வழக்கம் இக்கரைக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப்பற்றி எழுதுமிடத்து ஒரு செய்தியைக் குறித்துள்ளார். முத்துக்குளிப்பை நடத்திய வணிகர் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கொடுத்தனர். கொடிய மீன்கள் தீண்டாதவாறு மந்திரத்தால் அவற்றைக் கட்டியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கைக் கொடுத்தனர். அம்மந்திரம் பகற்பொழுதுக்கு மட்டுமே உரியதாம். இரவில் அதனை அவிழ்த்துவிடுவராம். பிற்காலத்தில் இத்தொழில் செய்தோரைக் கடற்கட்டிகள் என்று மக்கள் அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பை நடத்திய ஆங்கிலேய அலுவலர்களும் அவர்களை விலக்கவில்லை. கடற்கட்டி கரையில் இல்லையெனில் குளிப்போர் நீரில் இறங்க மறுத்தமையே அதற்குக் காரணம்.

சுறாமீன் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதா என்பது இங்குக் கேள்வியன்று. இருபதில் ஒரு பங்கு என்பது செலுத்தும் கட்டணம். சுறா என்பது இடர். பகற்பொழுது என்பது காவல் நிற்கும் காலம். இம்மூன்றும் இன்றைய காப்பீட்டிலும் உண்டு. அன்று இல்லாதது ஒன்றே: காவல் தவறினால் இழப்பை ஈடுசெய்வதாக எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. சுறாவால் காலிழந்தவன் கடற்கட்டியிடம் சென்று கேட்க அவனிடம் ஏடு ஒன்றும் இல்லை. இன்றைய காப்பீட்டில் அந்த ஏடு இருக்கிறது. அதைத்தான் மக்கள் 'பாலிசி' என்கின்றனர். காப்பீட்டுக்கு உயிராவது அதில் எழுதப்பட்ட சொல்லேயன்றி, அதனை விற்றவர் வாயால் உரைத்த சொல் அன்று.

அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சங்கு குளித்தல் நிற்கவில்லை. முன்னர்க் கல்லைக் காலிற் கட்டி இறங்கியோர், பிற்காலத்தில் படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய்வழி மூச்சிழுத்து நெடுநேரம் ஆழத்தில் தங்கலாயினர். நீர் அழுத்தத்தால் மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரசன் குருதியிற் கரைகிறது. விரைந்து மேலெழும்பினால் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்குகிறது. கரைக்கு வந்தபின் கை கால் அசையாமற்போன ஒருவரை உற்றார் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர் என்று கொள்க. அந்த இரவில் வீட்டிலுள்ளோர் எந்தத் தாளைத் தேட வேண்டும்?

முதலில் கைக்கு எட்டுவது வங்கியின் பாஸ் புத்தகம். அதில் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே மாத இறுதியில், 20 ரூபாய் குறைந்திருப்பதைப் பலர் காண்பர். அது 2015இல் தொடங்கிய பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுக்குரிய கட்டணம். விபத்தால் உயிர் நீங்கினாலோ, முற்றும் உறுப்பிழந்தாலோ 2 லட்சம் ரூபாய் தருவதற்குரியது. அதே பக்கத்தில் 436 ரூபாய் குறைந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி பீமா யோஜனா. உயிர் நீங்கினால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தருவது. இவ்விரண்டும் நல்லவை. எனினும் மருத்துவமனைச் செலவுக்கு இவற்றிலிருந்து ஒரு காசும் கிடைக்காது. இதனை அறியாமல், "வங்கியில் இன்ஷூரன்ஸ் பிடிக்கிறார்கள்" என்ற நம்பிக்கையோடு மருத்துவமனையின் பணம் செலுத்தும் இடத்தில் நிற்பவர்கள் ஏமாற்றமே அடைவர். இக்காவலும் ஜூன் முதல் நாள் தொடங்கி மே 31ஆம் நாளோடு முடிவது. கணக்கில் அந்தச் சிறு தொகை இல்லாத ஆண்டில், கடற்கட்டியின் மந்திரம் அவிழ்ந்தது போலக் காவலும் அவிழ்ந்துவிடும்.

மீனவர்க்கு மற்றுமொரு காப்பீடு உண்டு. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா யோஜனாவின்கீழ், விபத்தால் இறப்போ நிலையான முழு ஊனமோ நேர்ந்தால் 5 லட்சம் ரூபாயும், பகுதி ஊனத்துக்கு 2½ லட்சம் ரூபாயும், விபத்தால் மருத்துவமனையிற் சேர்ந்தால் 25,000 ரூபாயும் என வகுக்கப்பட்டது. கட்டணத்தை அரசுகளே செலுத்தின. இதற்குத் தனித்தாள் மீனவர் கையில் இருப்பது அரிது. மீன்வளத்துறையின் பதிவேட்டிலோ கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேட்டிலோ அவர் பெயர் இருக்கும். பெயர் பதியப்பட்டதா என்று கேட்டறிவதற்கு உரிய காலம் கடலுக்குச் செல்லும் முன்னர்தான். இதுவும் விபத்துக் காப்பீடே. மஞ்சட்காமாலைக்கோ இதய நோய்க்கோ இது பயன்படாது.

நோய்க்கென அமைந்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் இடத்தில் 2012 ஜனவரி 11ஆம் நாள் இது தொடங்கப்பெற்றது. 2018இல் நடுவணரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பம் முழுமைக்கும் ஓராண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைச் செலவு ஏற்கப்படும். ஐவர் இருந்தால் ஆளுக்கு 5 லட்சம் என்று சிலர் கருதுகின்றனர்; அவ்வாறன்று, ஐவருக்கும் சேர்த்தே அத்தொகை.

இத்திட்டத்தில் பாலிசிப் பத்திரம் வீட்டுக்கு வருவதில்லை. ஒப்பந்தம் அரசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே எழுதப்படுவது. குடும்பத்தின் கையில் இருப்பது அட்டை ஒன்றே. அதிலும் பொருளுடையது அதன் எண். அட்டை தொலைந்தால் உரிமை தொலைவதில்லை. குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் கொண்டு, கோரம்பள்ளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்தில் அந்த எண்ணை மீண்டும் பெறலாம். பிற மாவட்டத்தார்க்கும் அவரவர் ஆட்சியர் அலுவலகத்தில் இவ்வசதி உண்டு.

ஆயினும் இத்திட்டம் எல்லா நோய்க்கும் எல்லா இடத்திலும் செல்வதன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அப்பட்டியலில் உள்ள சிகிச்சை, அச்சிகிச்சைக்கென ஏற்கப்பட்ட மருத்துவமனை, அட்டையிற் பெயருள்ள நோயாளி என்னும் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரு மருத்துவமனை எலும்புச் சிகிச்சைக்கு ஏற்கப்பட்டும், இதயச் சிகிச்சைக்கு ஏற்கப்படாமலும் இருக்கலாம். ஆதலால், "இங்குக் காப்பீடு உண்டா?" என்று வினவுவதைவிட, "இந்தச் சிகிச்சைக்கு இங்குக் காப்பீடு உண்டா?" என்று வினவுவதே பயன் தரும். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் உள்ளன.

பெயர் என்றவுடன் இக்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபின், கடற்கரை மக்களுள் பலர் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ முதலிய பெயர்களைத் தாங்கினர். ஒரே பெயர் ஞானஸ்நானப் பதிவில் ஒருவகையாகவும், குடும்ப அட்டையில் வேறுவகையாகவும், ஆதாரில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் 'பர்னாந்து', ஒன்றில் 'பெர்னாண்டோ', மற்றொன்றில் குடும்பப் பெயரே இல்லை. மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும்; கணிப்பொறிக்குத் தெரியாது. திருமணமான மகன் பெற்றோரின் குடும்ப அட்டையினின்று பிரியும்போதும், புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் விடும்போதும் இவ்வாறே இடர்ப்பாடு தோன்றும். எழுத்துப்பிழையைத் திருத்துவது உடல்நலம் உள்ள நாளில் ஒரு வேளைப் பணி. நோயுற்ற நாளில் அது மலைபோல் தோன்றும்.

ஆலைத் தொழிலாளர்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. உண்டு; துறைமுகத்தின் நிலையான ஊழியர்க்குத் துறைமுக மருத்துவமனை உண்டு. இவற்றில் சேராதோரும், இவை போதா எனக் கருதுவோரும் தனியே பணம் கட்டிப் பாலிசி வாங்குகின்றனர். பத்திரத்தைப் படிக்கும் கலை பெரிதும் வேண்டப்படுவது இவர்களுக்கே.

அப்பத்திரம் ஒரு தாளன்று. நாற்பது ஐம்பது பக்கமும் இருக்கலாம். அவ்வளவையும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. முதற்கண் வருவது அட்டவணை. பாலிசி எண், காக்கப்படுவோரின் பெயரும் வயதும், தொடங்கும் நாள், முடியும் நாள், காப்பீட்டுத் தொகை ஆகியவை அதில் இருக்கும். ஒரு பக்கமே ஆயினும் அதிலுள்ள பிழையாலும் பிணக்குகள் விளைவதுண்டு. அதனோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என ஒன்று வரும். பத்திரத்தின் சாரத்தை எளிய நடையிற் சுருக்கித் தருவது அது. கேட்டால் அதனை வட்டார மொழியிலும் நிறுவனம் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. தமிழில் வேண்டும் என்று கேட்போர் மிகச் சிலரே. பத்திரம் கைக்கு வந்த நாள் முதல் 30 நாள்களுக்குள் படித்துப்பார்த்து, உடன்பாடில்லையெனில் திருப்பிக் கொடுத்துப் பணத்தின் பெரும்பகுதியைப் பெறவும் உரிமை உண்டு. பத்திரத்தைப் பிரிக்காமலே பெட்டியில் வைப்போர்க்கு இவ்வுரிமை பயன்படுவதில்லை.

அடுத்துக் காண வேண்டுவது காத்திருப்புக் காலம். பணம் கட்டிய மறுநாளே எல்லா நோய்க்கும் காவல் கிடைத்துவிடாது. விபத்துக்கு உடனே உண்டு. பிற நோய்க்குப் பொதுவாக முதல் 30 நாள் இல்லை. கண்புரை, குடலிறக்கம் போன்ற சிலவற்றுக்கும், பாலிசி எடுக்கும் முன்னரே உடலில் இருந்த நோய்களுக்கும் மேலும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். முன்பு நான்கு ஆண்டு வரை இருந்த அவ்வெல்லை, 2024ஆம் ஆண்டின் விதிகளால் மூன்று ஆண்டாகக் குறைக்கப்பட்டது. உள்ள நோயை விண்ணப்பத்தில் மறைத்தல் பெருந்தவறு. விண்ணப்பத்தை முகவர் நிரப்ப, வாங்குபவர் கையொப்பம் மட்டும் இடுவது எங்கும் காணும் வழக்கம். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிய கை யாருடையதாயினும், பொறுப்பு கையொப்பமிட்டவருடையதே.

அறை வாடகை பற்றிய வரியைப் பலர் கடந்து சென்றுவிடுகின்றனர். நாளொன்றுக்கு 2,000 ரூபாய் வரை என்று பத்திரத்தில் இருக்க, நோயாளி 4,000 ரூபாய் அறையில் தங்கினார் என்று கொள்க. வாடகையில் மட்டும் 2,000 ரூபாய் குறையும் என்று குடும்பத்தார் எண்ணுவர். பல பத்திரங்களில் அவ்வாறில்லை. அறையின் தரத்துக்கேற்ப மருத்துவர் கட்டணமும் அறுவைக் கூடக் கட்டணமும் உயர்வதால், அவற்றிலும் பாதியே தரப்படும். மருந்து, பரிசோதனை, உடலிற் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றின் விலையை இவ்வாறு குறைத்தல் ஆகாது. ஒரு வரியைப் படித்திருந்தால் ஓர் அறையை மாற்றிக் கேட்டிருக்கலாம்.

இனி விலக்குகள். எவற்றுக்குப் பணம் தரப்படாது என்று கூறும் இப்பகுதி பத்திரத்தின் பின்பக்கங்களில் இருக்கும். 2019இல் ஆணையம் இவ்விலக்குகளின் சொற்களை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சீராக வகுத்தது. அவற்றுள் ஒன்று, இடர்மிகுந்த விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுவதால் வரும் சிகிச்சைச் செலவு ஏற்கப்படாது என்பது. மலையேற்றம், குதிரைப் பந்தயம், வானிலிருந்து குதித்தல் என்று நீளும் அப்பட்டியலில் ஆழ்கடலில் மூழ்குதலும் இடம்பெறுகிறது. மலைநாட்டான் அச்சொல்லைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்லலாம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர் அவ்விடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். அவர் மூழ்குவது விளையாட்டன்று, வயிற்றுப்பாடு. விளையாட்டு என்று எழுதியிருப்பதால் தம் தொழில் இதில் அடங்காது என அவர் வாதிடலாம். மூழ்குதல் என்ற சொல்லைக் காட்டி நிறுவனம் மறுக்கலாம். படுக்கையில் கிடந்து நடத்தத்தக்க வாதமன்று அது. எனவே, விண்ணப்பத்தில் தொழில் என்னும் இடத்தில் 'கூலி' என்று பொதுவாக எழுதாமல் 'சங்கு குளித்தல்' என்றே எழுதி, அத்தொழிலால் வரும் நோய்க்கும் காயத்துக்கும் காப்பு உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்திற் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுவது வேண்டும். இல்லை என்ற விடை வந்தாலும் அது பயனுடையதே. அப்பணத்தை வேறு காப்பீட்டில் இடலாம்.

மருத்துவமனையிற் சேர்ந்தவுடன் நிறுவனத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையாயின் நோயாளி கையிலிருந்து பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். அதற்கான வேண்டுகோளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விடையளிக்க வேண்டும் என்றும், வீடு திரும்பும்போது இறுதி இசைவை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2024இல் ஆணையம் விதித்தது. ஒப்பந்தம் இல்லாத இடமாயின் முதலிற் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர்க் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவும் பணம் கட்டிய ரசீதும் ஒன்று விடாமல் வேண்டும்.

பணம் தர மறுத்தால் நிறுவனம் பத்திரத்தின் எந்த விதியின்படி மறுக்கிறது என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். அவ்விதியைப் பத்திரத்தில் எடுத்துப் பார்த்தால், மறுப்பு முறையானதா அன்றா என்று பலவேளை குடும்பத்தாருக்கே விளங்கிவிடும். முறையன்று எனில் முதலில் நிறுவனத்துக்கே முறையீடு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. ஆனால் பாலிசியின் படியும், மறுத்து எழுதிய கடிதமும், முன்னர் அனுப்பிய முறையீட்டின் படியும் வேண்டும்.

தாளைக் காப்பதற்கும் இக்கரையில் தனியே ஓர் எண்ணம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி நகரும் தாமிரபரணிக் கரையூர்களும் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் தகரப்பெட்டியிலுள்ள பத்திரம் மிஞ்சுவதில்லை. பத்திரம் அழிந்தாலும் ஒப்பந்தம் அழிவதில்லை. பாலிசி எண்ணைத் தெரிவித்தால் நிறுவனம் மறுபடி தரும். இப்போது பாலிசிகள் மின்னணு வடிவிலும் வருகின்றன. 2015இல் அரசு தொடங்கிய டிஜிலாக்கரிலும் அவற்றைச் சேர்த்து வைக்கலாம். ஆயினும், குடும்பத் தலைவரின் கைப்பேசியில் மட்டும் பத்திரம் இருந்து, அவரே நினைவிழந்து கிடக்கும்போது அக்கைப்பேசி திறவாமற்போவதும் உண்டு.

அதனால் கடலோர வீடுகளில் ஓர் எளிய வழி தகும். ஒரு தாளில் ஒவ்வொரு காப்பீட்டின் பெயரும், எண்ணும், முடியும் நாளும், செய்தி சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணும் எழுதப்பட வேண்டும். விபத்துக்குரியது எது, நோய்க்குரியது எது, உயிர் நீங்கியபின் கிடைப்பது எது என்று ஒவ்வொன்றன் எதிரிலும் குறிக்க வேண்டும். அத்தாளின் ஒரு படி குடும்ப அட்டையோடு வீட்டிலும், மற்றொன்று வேற்றூரிலுள்ள உறவினரிடத்தும் இருத்தல் நலம். படகு விடியுமுன் புறப்படும் வீடுகளில், கடலுக்குச் செல்லாமல் கரையில் இருப்பவர் எவரோ அவருக்கு அத்தாள் இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்களுள் ஒருவராகவோ, பள்ளியிற் படிக்கும் பிள்ளையாகவோ இருப்பார்.